கண் எங்கே, லென்ஸ் எங்கே?

1938. நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே ஒரு லென்ஸ் எட்டிப் பார்க்கிறது. பளபளப்பு தெரியாமல் கறுப்பு பூசிய கான்டாக்ஸ் கேமரா. ஷட்டரைத் தட்டும் கேபிள் கோட்டுக் கைக்குள் ஓடி உள்ளங்கைக்கு வருகிறது. புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1941 வரை இப்படி எதிர் இருக்கைக்காரர்களைப் படமெடுத்தார்.

ஏன் இத்தனை ஒளிவுமறைவு? மற்ற குரங்கினங்களைவிட மனிதக் கண்ணில் வெள்ளை நன்றாக வெளியே தெரியும். அதனால் யார் எங்கே பார்க்கிறார் என்பது எளிதில் பிடிபட்டுவிடுகிறது. பொது இடத்தில் அந்நியரை ஒரு கணம் பார்த்துவிட்டு நாசூக்காகப் பார்வையை விலக்கிக்கொள்கிறோம். இந்த எழுதாத ஒப்பந்தத்தைச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் விரிவாக எழுதினார். கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினால் ஒப்பந்தம் முறிகிறது. எதிரே உள்ள முகம் உஷாராகிவிடுகிறது.

இதைச் சமாளிக்கக் கேமராவே வழி தந்தது. புகைப்படக் கலைஞர் ஹெலன் லெவிட் தன் லைக்கா கேமராவில் பக்கவாட்டில் பார்க்கும் வியூஃபைண்டரைப் பொருத்தினார். அவர் ஒரு பக்கம் பார்த்து நிற்க, லென்ஸ் இன்னொரு பக்கம் விளையாடும் பிள்ளைகளைப் பிடித்தது. சிகாகோவில் ஆயா வேலை பார்த்த விவியன் மேயரிடம் இருந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக இரு லென்ஸ் கொண்ட ரோலிஃப்ளெக்ஸ் கேமரா. அதன் மேல் லென்ஸில் நுழையும் ஒளியை 45 பாகை சாய்ந்த கண்ணாடி மேலே திருப்ப, இடவலம் மாறிய பிம்பம் கேமராவின் தலைப்பகுதியில் விழும். அதைப் பார்க்கத் தலை குனியவேண்டும். குனிந்தவரை யாரும் முறைத்துப் பார்ப்பவராக எண்ணுவதில்லை.

1955 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஃபிராங்க் எடுத்த டிராம் படம் வேறு ரகம். முன் ஜன்னல்களில் வெள்ளையர், பின்னால் கறுப்பினத்தவர்: இனப் பிரிவினை வகுத்த வரிசை. சில வாரங்களில், டிசம்பர் 1 அன்று, மான்ட்கோமரி பஸ்ஸில் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தார். டிராம் பயணிகள் பலர் ஃபிராங்கையே பார்க்கிறார்கள். எவன்ஸின் மனிதர்கள் தங்களுக்குள் ஆழ்ந்திருக்கிறார்கள். இவர்களோ அந்நியர் ஒருவருக்குப் பதில் சொல்கிறார்கள். முன்னது தனிமையைக் காட்டுகிறது, பின்னது உறவை. இரண்டும் உண்மைதான்.

பழைய தெருப் படம் கிடைத்தால் தொடுவானத்தைத் தேடுங்கள். சமதரையில் நிற்பவர்களை அந்தக் கோடு எந்த உயரத்தில் வெட்டுகிறதோ, லென்ஸும் அந்த உயரத்தில்தான் இருந்தது. இடுப்பில் வெட்டினால், அவர்கள் கண்டது அநேகமாக ஒரு குனிந்த தலையை. கண்மட்டத்தில் வெட்டினால், அவர்கள் முகத்துப் புன்னகையில் கொஞ்சம் கேமராவுக்காகவும் இருக்கலாம்.