படிச்சது ஆங்கில இலக்கியம், கிடைச்சது மருத்துவ நோபல்: லிபரல் ஆர்ட்ஸ் அறிவியலுக்கு எப்படி உதவுது?

கோழிகளுக்குப் புற்றுநோயைத் தரும் வைரஸ் ஒன்று. அதற்குக் காரணமான மரபணு வைரஸுக்குச் சொந்தமானதல்ல, ஆரோக்கியமான கோழியின் செல்லிலிருந்து அது எடுத்துக்கொண்டதுதான் என்று 1976-ல் ஒரு குழு காட்டியது. புற்றுநோயின் விதை நம் செல்லுக்குள்ளேயே இருக்கலாம் என்ற புரிதல் அங்கிருந்து வலுப்பட்டது. இதற்காக மைக்கேல் பிஷப்புடன் சேர்ந்து 1989-ல் மருத்துவ நோபல் பெற்றவர் ஹரோல்ட் வார்மஸ். கல்லூரியில் அவருடைய மேஜர்? ஆங்கில இலக்கியம்!

லிபரல் ஆர்ட்ஸ்னா ஓவியம், டான்ஸ்னு நினைக்க வேண்டாம். கணிதமும் அறிவியலும் அதில் அடக்கம். அமெரிக்காவின் இந்த வகைக் கல்லூரிகளில் வேதியியலோடு வரலாறு, தத்துவம் எல்லாம் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு மேஜரை முடிவு செய்யலாம். பிளஸ் ஒன்னில் குரூப் எடுத்த அன்றே பாதி வாழ்க்கை முடிவாகிவிடும் நம் ஊர்க் கணக்குக்கு இது கொஞ்சம் விசித்திரம்தான்.

டாக்டரின் மகனான வார்மஸ், மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடுதான் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். நடுவில் தத்துவம் இழுத்தது, அப்புறம் டிக்கென்ஸ் நாவல்கள். கல்லூரிப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். ஹார்வர்டில் ஒரு வருடம் இலக்கிய மேற்படிப்பு. அதன் பிறகுதான் மருத்துவத்துக்குத் திரும்பி கொலம்பியாவில் சேர்ந்தார். மருத்துவப் பயிற்சிக் காலத்தில் சில மாதங்கள் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஒரு மிஷன் மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். முழுநேர ஆராய்ச்சிக்கு வந்தது 1968-ல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில். அப்போது வயது 28. வியட்நாம் போருக்குப் போகாமலிருக்க அன்றைய இளம் டாக்டர்கள் பலர் தேர்ந்தெடுத்த வழி அது.

இலக்கியப் பட்டம் அவருக்காக ஒரு சோதனையையும் செய்து தரவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். லேப் வேலையை அவர் அங்கேதான் கற்றார். ஆனால் ஒரு விஞ்ஞானியின் நாளில் பாதி, படிப்பதிலும் எழுதுவதிலும் வாதாடுவதிலும் போகிறது. கட்டுரை எழுதணும், நிதி கேட்கணும், சந்தேகப்படுபவரைச் சம்மதிக்க வைக்கணும். 1993 முதல் 1999 வரை அதே நிறுவனத்தின் இயக்குநராக இருந்தபோது, அறிவியலே தெரியாத அரசியல்வாதிகளிடம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பது அவர் வேலை. ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்க உதவும் ‘பப்மெட் சென்ட்ரல்’ உருவாகவும் முன்னின்றார். எது கண்டுபிடிக்கப்படுகிறது என்பதோடு, யாருக்கு அது படிக்கக் கிடைக்கிறது என்றும் கேட்டவர்.

அதே 1989-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் செக், கிரின்னெல் என்ற சிறிய கல்லூரியில் வேதியியலோடு ஹோமரையும் தாந்தேயையும் படித்தவர். 1999-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது: அமெரிக்க இளநிலை மாணவர்களில் சுமார் 8 சதவீதம் பேர்தான் இதுபோன்ற கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஆனால் அறிவியலில் பிஹெச்.டி. வாங்குபவர்களில் 17 சதவீதம் பேர் அங்கிருந்து வருகிறார்கள்.

காரணம் ஹோமர் மட்டுமல்ல. அங்கே பெரும்பாலும் பிஹெச்.டி. மாணவர்கள் கிடையாது. அதனால் பேராசிரியரோடு லேபில் நிற்பது இளநிலை மாணவர்தான். நல்ல மாணவர்களைப் பொறுக்கி எடுப்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது, கட்டணமும் லேசுப்பட்டதல்ல. இன்னொன்று: என்ன மேஜர் எடுத்தாலும், மருத்துவப் பள்ளி கேட்கும் உயிரியல், வேதியியல் பாடங்களை முடித்தே ஆகணும். டிக்கென்ஸ் படித்த வார்மஸும் முடித்துத்தான் வைத்திருந்தார்.