தற்காலிக எக்சு-கதிர் மூலங்களை இனங்காணல்

தற்காலிக எக்சு-கதிர் மூலம் என்பது வானில் திடீரெனத் தோன்றி, சில நாட்களில் உச்ச ஒளிர்வை எட்டி, பின்னர் வாரங்களிலோ மாதங்களிலோ மங்கிவிடும் எக்சு-கதிர் மூலம் ஆகும். இவற்றுள் பல இரட்டை விண்மீன்கள். துணை விண்மீனிலிருந்து வழியும் வளிமம், அருகிலுள்ள அடர்ந்த பொருளைச் சுற்றி வட்டத்தட்டாகச் சேர்கிறது. அது விரைந்து உள்ளே விழும்போது மிகுந்த வெப்பமடைந்து எக்சு-கதிர்களை வீசுகிறது. அந்த அடர்ந்த பொருள் நியூட்ரான் விண்மீனா, கருந்துளையா என்பதைக் கண்டறிவதே முதன்மையான சிக்கல்.

கண்டறியும் வழிகள்

1. துடிப்பு: எக்சு-கதிர் சீரான இடைவெளியில் துடித்தால், அங்கே காந்தப்புலமுள்ள நியூட்ரான் விண்மீன் சுழல்கிறது.

2. வெடிப்பு: நியூட்ரான் விண்மீனின் பரப்பில் சேரும் வளிமம் அணுக்கரு இணைவால் வெடிக்கும், சில நொடிகளில் எக்சு-கதிர் எகிறித் தணியும். கருந்துளைக்குப் பரப்பு இல்லாததால் இவ்வெடிப்பு நிகழாது. ஆனால் வெடிப்பைக் காணவில்லை என்பதாலேயே அது கருந்துளை என்று முடிவுகட்ட இயலாது.

3. நிறை: நியூட்ரான் விண்மீனின் நிறை சூரியனைப் போல் சுமார் 3 மடங்கைத் தாண்ட முடியாது. அதற்கும் மேற்பட்டால் கருந்துளை என்பதே பொருத்தமான விடை.

எடுத்துக்காட்டு: ஏ 0620-00

1975 ஆகத்து 3 அன்று பிரித்தானியாவின் ஏரியல் 5 செயற்கைக்கோள் மோனோசெரசு விண்மீன் குழுவில் இம்மூலத்தைக் கண்டது. பெயரிலுள்ள 'ஏ' ஏரியலையும், எண்கள் வானில் அதன் இடத்தையும் குறிக்கும். சில நாட்களில் இது, சூரியன் நீங்கலாக, வானிலேயே மிகப் பொலிவான எக்சு-கதிர் மூலமாயிற்று. அதே இடத்தில் ஒரு விண்மீன் கண்ணுறு ஒளியிலும் பிரகாசித்தது. ஆர்வர்டு வான்காணகத்தின் பழைய ஒளிப்படத் தட்டுகளைத் தேடியபோது, அது 1917இலும் ஒருமுறை பொலிந்திருந்தது தெரியவந்தது.

பொலிவு மிகுந்திருந்தபோது தட்டின் ஒளி துணை விண்மீனை மறைத்தது. எனவே நிறையை அளக்க, மூலம் மங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மங்கியபின் மெக்கிளின்டாக், ரெமிலார்டு இருவரும் துணை விண்மீனின் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வதை அளந்தனர். அவ்விண்மீன் 7.75 மணி நேரத்துக்கு ஒருமுறை, நொடிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சுற்றியது. இத்தனை வேகத்தில் செல்லும் விண்மீனைப் பிடித்து வைக்க, மையப் பொருளின் நிறை குறைந்தது சூரியனைப் போல் 3 மடங்கேனும் இருக்க வேண்டும். 1986இல் வெளியான இம்முடிவு, நம் பால்வழியில் கருந்துளைகள் உள்ளன என்பதற்கு வலுவான சான்றாயிற்று. பிந்தைய அளவீடுகள் இந்நிறையைச் சுமார் 6 மடங்கு என உயர்த்தின.

கண்டுபிடிப்புக்கும் இம்முடிவுக்கும் இடையே 11 ஆண்டுகள் கழிந்தன. பொலிவு மூலத்தின் இருப்பிடத்தைக் காட்டியது. அது இன்னதென்று உறுதிசெய்தது மங்கியபின் எடுத்த அளவீடே.