பாசிக்குள்ளே குழாய்!

சின்னசேலம் வட்டாரத்து ஏரிகளில் தண்ணீர் வற்றினால் கரையோரம் பச்சைப் பாசி படியும். கால் வைத்தால் வழுக்கும். "சீ, பாசி!" என்று மக்கள் ஒதுங்கிப் போவார்கள்.

எல்லோரும் ஒதுங்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.ஓ.பி. அய்யங்கார் பாசி ஆராய்ச்சிக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தவர். ஈர மண்ணில் வளரும் புதுப் பாசி ஒன்றுக்கு 1932-ல் "பிரிட்சியெல்லா" என்று பெயரும் சூட்டினார்.

பாசியின் ஜீவ அணுவில் பச்சையம் நிறைந்த பை ஒன்று உண்டு. அதில் மெல்லிய சவ்வுகள் அடுக்கடுக்காக இருந்து வெயிலைப் பிடிக்கின்றன. நெற்பயிரிலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் "கிளாமிடோமோனாஸ்" என்ற ஓரணுப் பாசியில் ஒரு விந்தை! சில சவ்வுகள் அடுக்கை விட்டு விலகி, குழாய்களாகி, ஓர் உருண்டைக்குள் நுழைகின்றன. உருண்டையின் பெயர் "பைரினாய்டு". கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்கத் தொடங்கும் "ருபிஸ்கோ" என்ற புரதம் அங்கே திரண்டு கிடக்கிறது. குழாய்கள் வாயுவை அதன் வாயிலேயே ஊட்டுகின்றன! குழாய்க்குள் இன்னும் நுண்ணிய குழாய்கள் ஓடுவதை 2015-ல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் காட்டியது.

நெல்லுக்கு இந்த வசதி இல்லை. அதன் ருபிஸ்கோ, கரியமில வாயுவுக்குப் பதிலாகப் பல வேளைகளில் பிராண வாயுவைப் பிடித்து ஏமாறுகிறது. பயிரின் உழைப்பில் ஒரு பங்கு வீண். பாவம், உழவருக்கு இது தெரிவதே இல்லை.

2020-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் கடுகு இனச் செடி ஒன்றில் பாசியின் புரதத்தைப் புகுத்தி, உருண்டையைத் திரள வைத்தார்கள். குழாய்க்குத் தேவையான இரண்டு புரதங்கள் 2024-ல் பிடிபட்டன. அவற்றையும் சேர்த்ததும் அந்தச் செடியின் உருண்டைக்குள் சவ்வு நுழையத் தொடங்கியது.

அடுத்த குறி நெல்!