கடையில் பல் அடிபட்டால் உடனே செய்ய வேண்டியவை

உரிமம், எடைக்கல் முத்திரை, தீ விபத்து என்று பலவற்றை நாம் கூடிப் பேசுகிறோம். கடைகளில் நடந்துகொண்டே இருந்தும் நாம் பேசாத ஒன்று உண்டு. அது பல்லில் படும் அடி.

ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பி நழுவி வாயில் இடிக்கிறது. அடுக்கிய மூட்டை சரிகிறது. எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி மேஜை விளிம்பில் மோதுகிறார்கள். முன்பல் வேரோடு வந்துவிடுகிறது. நம் கடைவீதியில் கொக்கிக் கம்பி பட்டுப் பல் விழுந்த ஒரு தம்பி, அதைக் காகிதத்தில் மடித்து வைத்து மறுநாள் மாலைதான் மருத்துவரிடம் போனார். பல் பிழைக்கவில்லை. வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போது இன்றும் கையால் வாயை மறைத்துக்கொள்கிறார்.

விழுந்த பல்லைத் திரும்பப் பொருத்த முடியும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வேரின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கிறது. பல்லைத் தாடை எலும்போடு பிணைப்பது அதுதான். அதிலுள்ள உயிரணுக்கள் காயக் காயச் சாகும். பல் உலர்ந்தபடி ஒரு மணி நேரம் கிடந்தால் அவை பிழைப்பது அரிது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

செய்ய வேண்டியவை:

1. பல்லைத் தேடி எடுங்கள். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள்.

2. மண் ஒட்டியிருந்தால் பாலில் சில விநாடிகள் அலசுங்கள். பால் இல்லையேல் குழாய்த் தண்ணீரில் சட்டென்று அலசலாம். தேய்க்கவோ சுரண்டவோ சோப்புப் போடவோ கூடாது.

3. அடிபட்டவர் தெளிவாக இருந்தால், பல்லை முன்பின் மாறாமல் அதே குழியில் மெதுவாகப் பொருத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

4. பொருத்தத் தயக்கமாக இருந்தால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நம் கடைக் குளிர்பெட்டியில் இருக்கும் பால் பாக்கெட் போதும். சூடான பால், மோர், தயிர் வேண்டாம். பால் கிடைக்காவிட்டால் அவரது எச்சிலையே ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அதில் போடலாம். தண்ணீரில் ஊற வைத்தால் உயிரணுக்கள் உப்பி வெடித்துவிடும்.

5. உடனே ஆட்டோ பிடித்துப் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். நேரமாகிவிட்டாலும் பல்லை எறியாமல் கொண்டு போங்கள். முடிவு மருத்துவருடையது.

குழந்தையின் பால்பல் விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது. கீழே முளைத்து வரும் நிலைப்பல் கெடும். ஆனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல் உடைந்தால் துண்டைத் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்துச் செல்லுங்கள். பல நேரம் அதையே ஒட்டிவிடுவார்கள். குழியில் மஞ்சள், உப்பு, புகையிலை எதையும் வைக்காதீர்கள்.

மயக்கம், வாந்தி, தாடை மூட முடியாமை இருந்தால் முதலில் பொது மருத்துவமனைதான். விழுந்த பல் கிடைக்காமல் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால், அது நுரையீரலுக்குள் போயிருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவர் பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சுமார் இரண்டு வாரம் கம்பி கட்டுவார். பெரியவர்களுக்கு அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை தொடங்கும். தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசியும் உண்டு. அதுவரை இட்லி, கஞ்சி போன்ற மென்மையான உணவு, மென்மையான பிரஷ். இப்படிப் பொருத்திய பல் எல்லாம் ஆயுள் முழுவதும் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பல ஆண்டுகள் உழைக்கும். செயற்கைப் பல்லுக்கான பெருஞ்செலவும் அதுவரை தள்ளிப் போகும்.

வேலை செய்பவர் நம் கடையில் அடிபட்டால் துணைக்கு ஆள் அனுப்புவதும் செலவைப் பார்த்துக்கொள்வதும் முதலாளியின் கடமை. சென்னையில் இருப்போருக்குக் கோட்டை ரயில் நிலையத்தருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் இருப்போர், பக்கத்துப் பல் மருத்துவரின் தொலைபேசி எண்ணை இன்றே கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். கொக்கிக் கம்பிக்குச் சுவரில் ஓர் ஆணி அடியுங்கள். சிந்திய எண்ணெயை உடனே துடைக்கச் சொல்லுங்கள். மூட்டையை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். இவற்றுக்குப் பெரிய செலவு ஏதும் இல்லை.