பழைய கேம் பாய் கூட்டை வெட்டுவதற்கு முன்

1989 ஏப்ரலில் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட கேம் பாய், கைக்கு அடக்கமான விளையாட்டுக் கருவி என்றாலும் தடிமனானது: ஏறக்குறைய 9 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம், 3 செ.மீ. கனம். நான்கு பென்சில் பேட்டரிகளும் ஒரு கார்ட்ரிட்ஜும் உள்ளே உட்கார வேண்டியிருந்ததால் அந்தப் பருமன். இன்று அதே பருமன்தான் பலரையும் அதன் பக்கம் இழுக்கிறது. திரை செத்துப்போன ஒரு கேம் பாயின் உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு, 65 மி.மீ. நீளமும் 30 மி.மீ. அகலமுமே உள்ள ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற குட்டிக் கணினி, ஒரு வண்ணத் திரை, சார்ஜ் ஏற்றும் பேட்டரி ஆகியவற்றைப் பொருத்தினால், வெளியே பழைய கேம் பாய், உள்ளே புதிய கருவி.

இந்த வேலையில் மென்பொருளுக்கும் வயரிங்குக்கும் வழிகாட்டிகள் நிறையக் கிடைக்கின்றன. தவறாகப் போட்ட சால்டரை உருக்கி எடுத்துவிடலாம். வெட்டிய பிளாஸ்டிக்கை ஒட்டலாமே தவிர, பழையபடி ஆக்க முடியாது. அதனால் கூட்டின் வேலையைத்தான் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டும்.

முதலில், எந்தக் கூடு? ஓடிக்கொண்டிருக்கும் அசல் கேம் பாயை வெட்டாதீர்கள். அந்த மாடலின் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இருப்பது குறைந்துகொண்டேதான் வரும். பேட்டரி கசிந்து போர்டு அரித்துப்போனது, இல்லையென்றால் வேறு நிறுவனங்கள் அச்சு எடுத்து விற்கும் புதுக் கூடு, இவை இரண்டில் ஒன்றே சரி. முதல்முறை செய்பவருக்குப் புதுக் கூடுதான் நல்லது. கை தவறினாலும் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

பின்பக்கம் ஆறு திருகுகள் இருக்கும். அவற்றில் இரண்டு பேட்டரி அறைக்குள் ஒளிந்திருக்கும். தலையில் மூன்று கை விரித்த வெட்டு உள்ளவை இவை. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கினால் தலை மழுங்கிவிடும். அதற்கென உள்ள டிரை-விங் முனையை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டின் இரு பாதிகளையும் ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் இணைக்கிறது என்பதால், திருகுகளைக் கழற்றியதும் வெடுக்கென்று பிரிக்கக் கூடாது.

இனி வெட்டு. உள்ளே நீளமான பேட்டரிக்கும் போர்டுக்கும் இடம் வேண்டி, பேட்டரி அறையின் சுவர்களையும், முன்பாதியில் பழைய திரைப் போர்டைத் தாங்கிய சிறு தூண்களையும், பின்பாதியின் கார்ட்ரிட்ஜ் தடுப்புகளையும் நீக்குவார்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பேட்டரி அறையை முழுவதுமாக வழித்துவிட்டால் அங்கிருந்த இரண்டு திருகுகளுக்கும் பிடிமானம் போய்விடும்; கூட்டின் கீழ்ப்பாதி வாய் பிளந்து நிற்கும். எந்தச் சுவரைத் தொடுவதற்கு முன்னும் ஆறு திருகுத் தூண்களையும் மார்க்கர் பேனாவால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

கூடு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனது. டிரெமல் போன்ற சுழல் கருவியை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகி, பிளேடிலேயே ஒட்டிக்கொள்ளும். குறைந்த வேகத்தில், விட்டுவிட்டு வெட்டுங்கள். தூண்களுக்குக் கூர்மையான நிப்பரே போதும். ஓரத்தைக் கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே நிறுத்தி, மிச்சத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துச் சரிசெய்யலாம். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். பிளாஸ்டிக் தூள் மூச்சில் போகக் கூடாது.

திரைச் சாளரம்தான் வெளியே தெரியும் வெட்டு. அசல் திரை சுமார் இரண்டரை அங்குலம், பலர் 3.5 அங்குலம் வரை போகிறார்கள். திரையை மூடும், அகலமான சாளரம் உள்ள புது லென்ஸை முதலில் வாங்கி, அதைக் கூட்டின் மேல் வைத்தே கோடு போடுங்கள். லென்ஸின் கறுப்பு விளிம்புக்கு அடியில் வெட்டின் ஓரம் மறைந்துவிடும். திரையின் வெளி அளவுக்கு வெட்டினால் மறைக்க எதுவும் இருக்காது.

கேம் பாயில் ஏ, பி என்று இரண்டு பொத்தான்கள்தான். பிற்கால விளையாட்டுகளுக்கு எக்ஸ், ஒய் வேண்டும். அதற்கு முன்பாதியில் இரண்டு புதிய ஓட்டைகள். சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசியில் உருண்டை அரத்தால் முடியுங்கள். ஓட்டை பொத்தானைவிட மயிரிழைதான் பெரிதாக இருக்க வேண்டும். அசல் கூட்டில் ஒவ்வொரு பொத்தானையும் சுற்றி உட்பக்கம் ஒரு வளையம் இருக்கும். பொத்தான் சாயாமல் நேராக இறங்குவது அதனால்தான். உடைந்த வேறொரு கூட்டிலிருந்து அந்த வளையத்தை அறுத்தெடுத்துப் புது ஓட்டைக்கு ஒட்டுவது நல்ல முறை. தட்டையாகத் துளையிட்டு விட்டுவிட்டால் பொத்தான் நாள்தோறும் சிக்கும்.

இடைவெளிகளை அடைக்க அதே கூட்டின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கிப் பூசலாம். நிறமும் பொருந்தும், காய்ந்ததும் தேய்க்கலாம். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளி இதைச் செய்யுங்கள். ஒளி ஊடுருவும் கூடுகளில் சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி வெள்ளையாகப் படிந்து கூட்டை மங்கலாக்கிவிடும்.

பேட்டரியில் மட்டும் சமரசம் கிடையாது. லித்தியம் பாலிமர் பேட்டரி மென்மையான பை போன்றது. வெட்டிய பிளாஸ்டிக்கின் கூர்முனையோ திருகின் நுனியோ குத்தினால் தீப்பிடிக்கும். அது உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து வழவழப்பாக்குங்கள். காலப்போக்கில் சற்று உப்பும் என்பதால் சுற்றிலும் இடம் விடுங்கள். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள பேட்டரியையே வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே அடுக்கி, கூட்டை மூடிப் பாருங்கள். அழுத்தினால்தான் மூடுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று பேட்டரியையோ திரையையோ நெருக்குகிறது என்று பொருள்.

கழற்றிய அசல் போர்டு, ஸ்பீக்கர், பொத்தான் ரப்பர்கள் எதையும் குப்பையில் போடாதீர்கள். பழைய கேம் பாய்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கு இவைதான் உதிரிபாகம். அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.