கொத்தடிமை ஒழிப்பு

சென்னை மாநகரில் கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் அமைந்துள்ளது சிந்தாதிரிப்பேட்டை. 1734ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளர்களை அங்கே குடியேற்றினர். 'சின்னத் தறிப்பேட்டை' என்னும் பெயரே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர். வணிகர் வழியாக நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துத் துணி பெறுவது அக்காலக் கம்பெனியாரின் வழக்கம். நூல் வாங்கவும், துணி நெய்து முடியும்வரை குடும்பத்தைக் காக்கவும் அப்பணம் உதவிற்று.

முன்பணம் பெறுவது குற்றமன்று. ஆயின், பெற்றவனுடைய உரிமையே அப்பணத்திற்குப் பிணையாகிவிடின், உதவியாக வந்த பணம் விலங்காக மாறிவிடுகிறது. இந்நிலையையே கொத்தடிமை முறை என்பர்.

இவ்விலங்கு பூட்டப்படும் வகை எளியது. ஏழைக் குடும்பத்தில் ஒருவர் நோயுறுகிறார். அல்லது ஒரு திருமணம் வருகிறது. கையில் பொருள் இல்லாத வேளையில் தரகன் ஒருவன் முன்பணத்துடன் வருகிறான். கணவன், மனைவி, மக்கள் அனைவரும் தொலைவிலுள்ள செங்கற்சூளைக்கோ, அரிசி ஆலைக்கோ, கல்லுடைக்கும் இடத்திற்கோ செல்கின்றனர். கணக்கு எழுதுபவர் முதலாளி. தொழிலாளி எழுதப் படிக்க அறியாதவர். கூலி குறைகிறது, கடனோ வளர்கிறது. கடன் தீரும்வரை வெளியே செல்லவும், வேறு வேலை தேடவும் இயலாது. தந்தை பட்ட கடனுக்கு மகன் உழைக்கும் கொடுமையும் நிகழ்கிறது.

இக்கொடுமையை நீக்க நெடுங்காலமாகச் சட்டங்கள் இயற்றப்பட்டு வந்துள்ளன. 1843ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, மனிதரை உடைமையாகக் கருதும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. எனினும் கடனால் பிணிக்கும் வழக்கம் ஒழியவில்லை. 1860ஆம் ஆண்டில் சென்னைத் துறையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஒப்பந்தக் கூலிகளைக் கடல் கடந்து அனுப்புவது 1917ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, மனித வாணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்தது.

அப்பிரிவிற்குச் செயல்வடிவம் தந்தது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். அது விலங்கின் பூட்டையே உடைத்தது; கொத்தடிமைக் கடன் முழுவதும் செல்லாது என்று அறிவித்தது. 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி கூறினால், அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர்மீதே சுமத்திற்று. ஒருவரைக் கொத்தடிமையாக உழைக்கச் செய்பவருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் இடமளித்தது. சட்டப்படி உரிய குறைந்த அளவுக் கூலியினும் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. சாட்டை மட்டுமன்றி, பசியும் மனிதனைக் கட்டாயப்படுத்தும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

செய்தி கிடைத்ததும் வருவாய்த்துறை அலுவலர் அவ்விடம் சென்று விசாரிப்பார். உண்மை தெரியின், தொழிலாளிக்கு விடுதலைச் சான்றிதழ் வழங்கப்படும். ஆனால் விடுதலை மட்டும் போதாது. உழ நிலமும் செய்யத் தொழிலும் இல்லாதவர் மீண்டும் தரகனையே நாடுவர். ஆதலின் அரசு மறுவாழ்வு உதவியும் அளிக்கிறது. 2016இல் வகுக்கப்பட்ட திட்டம், ஆண்களுக்கு ஒரு லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் சிறுவர்க்கும் இரண்டு லட்சம் ரூபாயும், மனித வாணிகம் போன்ற கொடுமைக்கு உள்ளானோர்க்கு மூன்று லட்சம் ரூபாயும் என உதவியை வகுத்தது.

எனினும், சூளையின் மறைவில் நிகழ்வதை அலுவலர் தாமே அறிதல் அரிது. பள்ளிக்கு வரவேண்டிய சிறுவன் செங்கல் சுமப்பதை முதலில் காண்பவர் அயலாரே. அவர் மாவட்ட ஆட்சியருக்கோ, 1098 என்னும் சிறுவர் உதவி எண்ணுக்கோ தெரிவிப்பின் சட்டம் அச்சூளைக்குள் நுழையும். அவர் வாளாவிருப்பின், சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும். எழுத்தறிவு பெற்ற மாணவர், எழுத்தறியாதார் கணக்கைப் படித்துக் காட்டுவதும் ஒரு விடுதலைத் தொண்டே ஆகும்.