அசையாத கழுத்து

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்த கல்லூரி மாணவர், ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை தலை நிமிரவில்லை. மேற்கே மலை கூடவே வந்தது. 11 நிலைகளும் 192 அடி உயரமுமாக ஆண்டாள் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. அவர் பார்த்ததெல்லாம் மடியில் இருந்த செல்போனைத்தான். இறங்கும்போது பிடரியைத் தேய்த்துக்கொண்டார். வீட்டில் சொன்னால், “தலையணை சரியில்லை” என்று தைலம் வரும்.

தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது 7 கழுத்தெலும்புகள் அதை அலுங்காமல் தாங்கும். இடுப்பில் வைத்த குடத்தைக் கை நீட்டிப் பிடித்தால் எப்படிக் கனக்கும்? குனிந்த தலையும் அப்படித்தான். அது முன்னால் விழாமல் பிடரித் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோ என்று 2014-இல் நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். ஏறக்குறைய ஒரு சிறிய அரிசி மூட்டையின் கனம்!

உலகமே மிரண்ட எண் இது. ஆனால் அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. யாருடைய வலியையும் அளந்ததல்ல. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயதுவரை உள்ள 150 பேரை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், குனிந்து போன் பார்ப்பதற்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு தென்படவில்லை.

அப்படியானால் வலி ஏன்? குனிவது கழுத்துக்குப் புதிதல்ல. ஒரே நிலையில் மணிக்கணக்கில் உறைந்திருப்பதுதான் அதற்கு ஆகாது. இறுகிய தசை தளர நேரமின்றிச் சோர்கிறது. தூக்கக் குறைவும் பரீட்சைப் பதற்றமும் சேர்ந்தால் வலி கூடும். வலிக்குப் பயந்து தலையைத் திருப்பாமலிருந்தால் இறுக்கம் இன்னும் கூடும்.

சோதித்துப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தோளை அசைக்காமல் தலையை மட்டும் திருப்புங்கள். இளம் வயதில் முகவாய் கிட்டத்தட்டத் தோளுக்கு நேராக வரவேண்டும். இந்தத் திருப்பத்தில் பாதியளவு மேலே உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே நடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், கழுத்து எச்சரிக்கிறது என்று பொருள்.

புத்தகப் பையை மடியில் வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றினால் போன் உயரும். அரை மணிக்கொரு முறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது. கை மரத்தாலோ பலம் குறைந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்த முறை பஸ்ஸில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு மலைப் பக்கம் திரும்புங்கள். இறங்கியதும் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். கழுத்து கேட்கும் இரண்டு அசைவும் அந்த வழியிலேயே இருக்கின்றன.